பயந்தாங்கொள்ளிப் பண்டாரி

உருளைக்கிழங்கை அவர் நேராகத் தோல் சீவ மாட்டார். முதலில் இரண்டாக வெட்டுவார். வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். அதன் பிறகுதான் தோல். ஒரு வேளைக்கு நாற்பது கிழங்கு என்றால் நாற்பதுக்கும் இதே சடங்கு. பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் அண்ணாச்சி இந்தப் பாடு என்று கேட்டால், "உள்ள கருத்திருந்தா?" என்பார். கருத்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டியதுதானே? ஆனால் அவர் கேட்கிற குரலில், கிழங்குக்குள் ஏதோ உயிரோடு இருப்பது போல நமக்கே ஒரு கணம் கை நின்றுவிடும்.

தூத்துக்குடிக்கும் மாலத்தீவுக்கும் சிமெண்டும் ஜல்லியும் கொண்டுபோகிற சின்னச் சரக்குக் கப்பல் அது. நாங்கள் பதினோரு பேர். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்றுதான் கூப்பிடுவோம். அது வேலையின் பெயர். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நான் மெஸ்மேன், அடுப்படிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஓடுகிறவன். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அறியாத வயசு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பண்டாரியின் பெயரை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மற்றவர்கள் 'வேர்க்குது' என்று சொல்வது போல அவர் 'பயமா இருக்குலே' என்று சொல்வார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவார். மழை மேகம் கண்டால் பயம், மேகமே இல்லாமல் கடல் தட்டையாகக் கிடந்தாலும் பயம். ஸ்டோர் ரூம் சாவியை அரைஞாணில் கோத்திருப்பார், குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். ஒருமுறை மாலேயில் வாங்கிய சூரை மீனைக் குழம்பு வைத்து, ஒரு துண்டை வாயில் போட்டவர், நாக்கு சுள்ளென்கிறது என்று சொல்லிச் சட்டியோடு கடலில் கவிழ்த்துவிட்டார். அன்றைக்கு எல்லாரும் ஊறுகாயோடு சோறு தின்றோம். இன்னொரு முறை வண்டு விழுந்த மாவு, அடுத்து ஓரம் உப்பியிருந்த ஒரு டப்பா. போசன் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டே வந்தார். போசன் என்றால் தளத்து வேலைக்காரர்களுக்குத் தலைவர். எங்கள் போசன் மணப்பாட்டுக்காரர், ஆள் பனைமரம் மாதிரி. "வே பண்டாரி, உம்ம பயத்துக்கு எங்க வயிறு காயணுமா?" என்று கேட்பார். பண்டாரி பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் வேறு ஆள். அன்றைக்கு ஐரிஷ் ஸ்டூ. வாலிபத்தில் பெரிய கப்பல்களில் போனபோது அயர்லாந்துக்காரக் கேப்டன் ஒருவரிடம் வேலை பார்த்திருக்கிறார். அந்த மனுஷன் தன் அம்மா வைத்த மாதிரி வேண்டும் என்று அடுப்படியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தாராம். ஆட்டுக் கழுத்துக் கறி எலும்போடு வேண்டும். அடியில் கிழங்கு, மேலே வெங்காயம், அதன் மேல் கறி, திரும்பவும் கிழங்கு என்று அடுக்கி, மூழ்கத் தண்ணீர் விட்டு, உப்பும் மிளகும் போட்டு மூடிவிட வேண்டும். வதக்கக் கூடாது, கிண்டக் கூடாது, மாவு கரைத்து ஊற்றக் கூடாது. கரைகிற சாதிக் கிழங்கு அடியில், கரையாத சாதி மேலே. சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். அடிக்கிழங்கு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், மேல்கிழங்கு முழுசாக நிற்கும். கேரட் போட்டால் கேப்டனின் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாளாம். ஹோட்டல் படிப்புப் படித்தவர்கள் எல்லாரும் பரீட்சைக்கு ஐரிஷ் ஸ்டூ செய்திருப்பார்கள், கேரட்டும் பட்டாணியும் போட்டு. அதைச் சொன்னால் பண்டாரி காதைப் பொத்திக்கொள்வார்.

அந்தக் கேப்டன் கூடவே ஒரு சரித்திரமும் சொல்லிக் கொடுத்துவிட்டார். அங்கே ஏழைகள் ஆட்டை அடித்துத் தின்ன மாட்டார்களாம். கம்பளிக்கும் பாலுக்கும்தான் ஆடு. இரண்டும் ஓய்ந்துபோன கிழட்டு ஆடுதான் சட்டிக்கு வரும். அதனால்தான் அத்தனை நேரம் வேக வைக்க வேண்டியிருந்தது. கறி கிடைப்பதே அபூர்வம், மற்ற நாளெல்லாம் உருளைக்கிழங்கு மட்டும்தான் சோறு. அப்புறம் ஒரு வருஷம் செடியில் நோய் விழுந்தது. தோண்டிப் பார்த்தால் கிழங்கெல்லாம் கருத்துக் கூழாகிக் கிடந்ததாம். ஊர் ஊராகப் பட்டினியில் செத்தார்கள். மிஞ்சியவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள், அதிலும் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. பண்டாரி இதைச் சொல்லும்போது வேறொரு நாட்டில் எப்போதோ நடந்ததாகச் சொல்ல மாட்டார். போன வாரம் ஏரல் சந்தையில் பார்த்துவிட்டு வந்தவர் போலச் சொல்வார். கேட்டு முடித்த பிறகு எனக்கு ஸ்டூ இறங்காது.

எங்கள் மாவட்டத்து நாசரேத் ஊரில் இருக்கிற அவர் வீட்டுக்கு ஒருமுறை கூட்டிப்போனார். அவர் மனைவி அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். அன்றைக்கும் ஸ்டூதான், வீட்டுக் கேஸ் அடுப்பில், இளங்கறியில். இளங்கறி ஒரு மணி நேரத்தில் வெந்துவிடுகிறது, இதெல்லாம் ஸ்டூவே இல்லை என்று முணுமுணுத்தார். டீச்சர் எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, தன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து அதில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டார். ஆப்பத்துக்கு அதுதான் பொருத்தம், நானும் கேட்டு வாங்கிக்கொண்டேன். "நடுக்கடல்ல இருந்து போன் பண்ணி, சிலிண்டர மூடிட்டியான்னு கேப்பாக தம்பி," என்றார் டீச்சர். நாங்கள் இருவரும் சிரித்தோம். பண்டாரி எழுந்துபோய் சிலிண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்த வருஷம் வைகாசியில் எங்கள் கப்பலைத் தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரத்தில் நிறுத்திவிட்டார்கள். முதலாளி கைகழுவிவிட்டார். கோர்ட் உத்தரவு என்றார்கள். கப்பலை ஆள் இல்லாமல் விடக்கூடாதாம், மாற்று ஆள் வரும்வரை ஒருவரும் இறங்கக்கூடாதாம். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் கண்ணுக்கு நேரே தெரியும். அதிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் என் வீடு. போனில் என் மகள் பேசும்போது பின்னால் ஐஸ் வண்டி மணி கேட்கும். ஆனாலும் நான் போக முடியாது. இப்படி ஒரு சிறையை நான் கற்பனை செய்தது கூட இல்லை.

ஆடிக் காற்று தொடங்கியதும் சாமான் கொண்டுவருகிற படகும் நின்றது. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டினோம். குளிர் அறை போச்சு. உடைந்த பலகைகளைக் கொளுத்தி, வெட்டிய டிரம்மில் அடுப்பு வைத்துத் தளத்தில் சமையல். பண்டாரி பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடுதான் நிற்பார். தூண்டில் போட்டுப் பார்த்தோம், அந்தக் காற்றில் ஒன்றும் கடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூவில் முதலில் கறி குறைந்தது, பிறகு எலும்பு மட்டும், பிறகு அதுவும் இல்லை. கிழங்கு, வெங்காயம், தண்ணீர். அதையும் அவர் அடுக்கித்தான் வேகவைத்தார், ஐரிஷ் ஸ்டூ என்றுதான் சொன்னார். முதல் வாரம் சிரித்தோம். மூன்றாவது வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. ஸ்டோர் ரூம் வாசலில் அவர் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார் என்று போசன் பேச ஆரம்பித்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பயமாக இருந்தது.

இந்த நேரத்தில் பண்டாரிக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ஒரு வாரம் சாவி என் இடுப்பில் இருந்தது. அரிசி அரை மூட்டை, கிழங்கு இரண்டு மூட்டை. காற்றுப் புகாத அந்த அறையின் புழுக்கத்தில் கிழங்கு கசிய ஆரம்பித்திருந்தது. நான் கருவாட்டுக்காரி மகன். எங்கள் தெருவில் எது கெடப் போனாலும் வெயிலில் விரித்துப் போடுவார்கள். மீனோ மிளகாயோ நனைந்த நெல்லோ, வெயில் பார்த்தால் பிழைத்துவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அழுகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, ஒரு மூட்டையைச் சரக்கறையின் இரும்பு மூடி மேல் விரித்தேன். ஐந்தாறு நாள் நல்ல வெயில். ஈரம் போய் கலகலவென்று ஆகிவிட்டது. போசன் என் முதுகில் தட்டி, இவனுக்கு இருக்கிற புத்தி பண்டாரிக்கு இல்லையே என்றார். இரண்டு மாதத்தில் ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அள்ளும்போதுதான் பார்த்தேன், தோலெல்லாம் பச்சை ஏறிக் கிடந்தது. பண்டாரி ஒருமுறை பச்சைக் கிழங்கைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார். அவர் சொல்கிற ஆயிரம் பயத்தில் அதுவும் ஒன்று என்று விட்டிருந்தேன். மனசு கேட்காமல் சாயங்காலம் இரண்டு கிழங்கை அவித்து, தனியாக உட்கார்ந்து தின்று பார்த்தேன். கசந்தது, தொண்டை எரிந்தது. பசியில் ஒன்றரைக் கிழங்கு உள்ளே போய்விட்டது. கேபினுக்கு வந்து படுத்தவன் விடிகிறவரை வாந்தி எடுத்தேன். குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. காலையில் கேட்டவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பாதிச் சாப்பாட்டை நான் விஷமாக்கிவிட்டேன் என்று அந்தப் பசித்த பத்துப் பேரிடம் எப்படிச் சொல்வது? போசனின் கைகளை நினைத்துப் பார்த்தேன். பச்சையை எல்லாம் அடியில் போட்டு, மற்ற மூட்டையில் மிஞ்சியிருந்த நல்லதை மேலே போட்டு, ஒரே மூட்டையாகக் கட்டினேன். மூட்டை அடிவரை தீர்வதற்குள் படகு வந்துவிடும் என்று இருந்தேன்.

படகு வரவில்லை. பண்டாரி எழுந்துவிட்டார். அடுத்த ஞாயிறு காலை, அரிசி தீர்ந்து மூன்றாம் நாள், மூட்டையின் அடியைத் தட்டினார். ஒரு கிழங்கை வெட்டினார், பார்த்தார், கீழே வைத்தார். இன்னொன்று. பிறகு மூட்டையை இழுத்துக்கொண்டு கைப்பிடிக் கம்பி ஓரத்துக்குப் போனார். கடலில் போடப் போகிறார் என்று புரிந்ததும் போசன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். எல்லாரும் கூடிவிட்டோம்.

"இது விஷம். உள்ள வர பச்ச ஏறிட்டு. ஒருத்தரும் தொடப்படாது," என்றார் பண்டாரி.

போசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மீனையும் மாவையும் டப்பாவையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஒரு வாரமா இந்த மூட்டையத்தான் திங்கோம். எவன் செத்தான்?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீதான காய வச்ச. இதுல கேடு எதும் இருக்கா?"

பத்து முகங்களும் என்னைப் பார்த்தன. நான் தின்று பார்த்தேன், விடிய விடியக் கிடந்தேன் என்று சொன்னால் போதும். அந்த மூட்டை கடலுக்குள் போயிருக்கும், என்னை இரண்டு அடி அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். அது எனக்கு அப்போதே தெரிந்தது.

"தெரியல அண்ணாச்சி," என்றேன்.

பண்டாரி மூட்டையைக் கம்பி ஓரத்திலிருந்து பின்னால் இழுத்தார். ஆக்கித் தருவதாகச் சொன்னார், ஆனால் முதலில் தான் மட்டும் சாப்பிடுவதாகவும், சாயங்காலம் ஐந்து மணி வரை வேறு ஒருவரும் சட்டியைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். ஒரு வாய் தின்றுவிட்டு நடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம், தட்டு நிறையத் தின்ன வேண்டும் என்றார் போசன். சரி என்றார் அவர்.

வழக்கம் போலத்தான் செய்தார். அடியில் கிழங்கு, மேலே வெங்காயம், திரும்பவும் கிழங்கு. உப்பு, மிளகு. கிண்டவில்லை. வெந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு, தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதல் வாய்க்கே முகம் சுருங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கிவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்ப்பார், பிறகு அடுத்ததை எடுப்பார். போசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போசனின் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். தட்டு காலியாக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து நிமிஷம் இருக்கலாம். இன்றைக்கு வரை என் உடம்பு அந்தப் பத்து நிமிஷத்தை மறக்கவில்லை.

இரண்டு மணிக்கு வாந்தி தொடங்கியது. மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். ஐந்து மணி வருவதற்கு முன்பே போசனே சட்டியைத் தூக்கிக் கடலில் கொட்டினார், மூட்டையையும் தள்ளிவிட்டார். பண்டாரிக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. கரையெல்லாம் ஆள் கிடக்கிறது பார் என்றார், பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றாதீர்கள் என்றார். அவர் எந்தக் கரையைச் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு, சாகக்கூடாது சாகக்கூடாது என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது அவருக்காகவா எனக்காகவா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

கேப்டன் ரேடியோவில் துறைமுகத்தைக் கூப்பிட்டார். சாகிற ஆள் இருக்கிறது என்றதும் அந்தக் காற்றிலும் ஒரு இழுவைப் படகு வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவரைக் கட்டியது நான்தான். கயிற்றில் இறக்கும்போது கண்ணைத் திறந்து கீழே கடலைப் பார்த்தவர், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

மறுநாளே அரிசி வந்தது, காய்கறி வந்தது, அதிகாரிகள் வந்தார்கள், பேப்பரில் போட்டார்கள். மூன்றாவது வாரம் மாற்று ஆள் வந்து நாங்கள் கரை இறங்கினோம். பண்டாரி விழுந்ததில்தான் நமக்கு விடிந்தது என்று போசன் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்தும் ஆறு மாதம் நான் போகவில்லை. வீட்டில் என் மனைவி உருளைக்கிழங்கு வாங்கினால் வெளியே போய்விடுவேன். கடைசியில் ஒருநாள் ஏரல் வழி பஸ் ஏறினேன், சொல்லிவிடுவது என்று. வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிப் பார்த்தேன்.

கதவைத் திறந்த டீச்சர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அவுகள ஸ்ட்ரெச்சர்ல கட்டி எறக்குனது நீங்கதானாம தம்பி. அவன் இல்லன்னா நான் இல்லன்னு வாய்க்கு வாய் சொல்லுதாக," என்றார். கண் கலங்கியிருந்தது. காப்பி போட உள்ளே போனார். பண்டாரி சாய்வு நாற்காலியில் இருந்தார், பாதி ஆளாகியிருந்தார். இனிமேல் கடலுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

நான் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். வெயிலில் போட்டதை, தின்று பார்த்ததை, அடியில் ஒளித்ததை. அவர் முகம் மாறவே இல்லை.

"தெரியும்லே. நம்ம கேபினுக்கு நடுவுல ஒரு பலகதான. நீ விடிய விடிய வாந்தி எடுத்தது கேட்டுச்சு. மறுநாள் வாளியில பச்சத் தோலு கெடந்துச்சு."

அப்புறம் ஏன் சாப்பிட்டிய அண்ணாச்சி என்று கேட்டேன்.

"நான் சொன்னா எவன் நம்புதான்? நீ சொன்னா நம்புவானுவ. ஒவ்வொரு வாய்க்கும் உன்னத்தான் பாத்தேன். இந்தா சொல்லிருவான், இந்தா சொல்லிருவான்னு. நீ வாயத் தொறந்திருந்தா அந்த நிமிசமே தட்டக் கீழ வச்சிருப்பேன். எனக்கு அவ்வளவு பயமா இருந்துச்சுலே."

சொல்லிவிட்டு, டீச்சருக்குக் கேட்டிருக்குமோ என்று அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.